பாலில் இல்லாதது

யோகப்பிரியா சிரிப்பதை எப்போது நிறுத்தினாள் என்று கேட்டால் கௌசிகாவால் ஒரு நாளைச் சொல்ல முடியாது. பொங்கல் சமயத்தில் சிரித்தாள், அது நிச்சயம். கணவன் மோகனசுந்தரத்தின் கைப்பேசியில் அந்த வீடியோ இருக்கிறது. அப்பன் தலையில் துண்டைப் போட்டு மறைந்து மறைந்து எட்டிப் பார்க்கிறான். நான்கு மாதக் குழந்தை விக்கல் எடுக்கும் அளவுக்குச் சிரிக்கிறாள். அதற்குப் பிறகு தோப்பில் காய் பறிப்பு தொடங்கியது. பறிக்க ஆள் வந்து, வீட்டு முற்றம் முழுக்கப் பிளாஸ்டிக் பெட்டிகள் அடுக்கப்பட்ட நாட்களில் அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிக்கொண்டே வந்திருக்கிறது.

வீட்டில் யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை. பாலக்காட்டுப் பக்கம் முதலமடையில் மாங்காய்ப் பருவம் என்றால் உட்கார்ந்து சாப்பிடவே நேரம் இருக்காது. மோகனசுந்தரம் விடிந்ததும் தோப்புக்குள் போனால் லாரி கிளம்பிய பிறகுதான் வீட்டுக்கு வருவான். அவன் அம்மா சரஸ்வதியம்மாள் கொட்டகையில் நின்று காய் தரம் பிரிக்கும் பெண்களை வேலை வாங்குவாள். இந்த அமளியில் தொட்டிலில் சத்தமில்லாமல் கிடக்கும் குழந்தை எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

"என்ற பேத்தி மாதிரி அடக்கமான கொளந்தைய நான் பாத்ததே இல்ல. பசிச்சாக்கூட சிணுங்கறதில்ல பாரு" என்று சரஸ்வதியம்மாள் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

காய் எடுக்க வந்த வியாபாரியின் மனைவி குழந்தையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "வெள்ளைக்காரப் பாப்பா மாதிரி இருக்குதுங்க. என்ன நெறம்!" என்றாள். அன்று சாயங்காலம் சரஸ்வதியம்மாள் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள்.

கௌசிகாவுக்கு மட்டும் அந்த நிறம் பிடிக்கவில்லை. குழந்தை பிறந்தபோது தன்னைப்போல மாநிறமாகத்தான் இருந்தாள். இப்போது உதட்டின் உட்புறம்கூட வெளிறிக் கிடந்தது. ஆனால் விரல் முட்டிகள் மட்டும் கரி தொட்டு வைத்ததுபோலக் கறுத்திருந்தன. பயத்தம்மாவு போட்டுத் தேய்த்தும் போகவில்லை. தலைமுடி செம்பட்டையாகி, தலையணையில் உதிர்ந்து கிடந்தது. ஆறு மாதம் முடிந்து ராகிக் கூழ் ஊட்டத் தொடங்கியபோது குழந்தை நாக்கால் அதை வெளியே தள்ளினாள். மறுத்து முகத்தைத் திருப்பவும் இல்லை. கூழ் வாயோரமாக வழிந்து கழுத்துக்கு இறங்கியது. அவள் அதைக்கூட உணராதவள்போல மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, பாப்பா என்னையப் பாக்கறதில்லீங்க" என்றாள் ஒருநாள் கணவனிடம்.

மோகனசுந்தரம் கை கழுவிக்கொண்டிருந்தான். "பாக்கறாளே? கண்ணு தொறந்துதான இருக்குது?"

"தொறந்துதான் இருக்குது. ஆனா பாக்கறதில்லீங்க."

அவனுக்கு அது புரியவில்லை. அதை வேறு எப்படிச் சொல்வதென்று அவளுக்கும் தெரியவில்லை. இருந்தாலும் பக்கத்து ஊரில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனான். அங்கிருந்த டாக்டர் எடை பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். "நல்லா கொழுகொழுன்னுதானே இருக்கா? சில கொழந்தைங்க எல்லாம் மெதுவாத்தான் செய்யும்" என்று சத்துச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். மோகனசுந்தரம் நிம்மதியாகத் தோப்புக்குத் திரும்பினான். கௌசிகா சொட்டு மருந்தைத் தவறாமல் கொடுத்தாள். அதுவும் வாயோரம் வழிந்தது.

தன் உடம்பைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லவில்லை. உள்ளங்கால் இரண்டும் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரிந்தன. காரம் பட்டால் நாக்கு புண்போல வலித்தது. அடுப்பில் வைத்ததை மறந்து போனாள். நடக்கும்போது தரை எங்கே இருக்கிறது என்பதில் காலுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. பிள்ளை பெற்றவளுக்குத் தூக்கம் இல்லை, அதனால்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சரஸ்வதியம்மாள்தான் பேத்தியைத் தினமும் குளிப்பாட்டுவாள். பலகையில் உட்கார்ந்து, நீட்டிய கால்களின் மேல் குழந்தையைக் குப்புறப் போட்டு முதுகில் வெந்நீர் ஊற்றுவாள். பங்குனிக் கடைசியில் ஒரு காலை, முதுகு தேய்த்து முடித்துக் குழந்தையைத் தூக்கி நிறுத்தினாள். தலை பின்னால் சரிந்து தொங்கியது. கைவைத்து நிமிர்த்தினாள். மறுபக்கம் சரிந்தது. மூன்று மாதத்தில் நிமிர்ந்து நின்ற தலை அது.

தண்ணீர்ப் பாத்திரம் உருண்டது. சரஸ்வதியம்மாள் ஈரக் குழந்தையை மடியோடு அணைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக் கூப்பிட்டாள்: "மோகனு! லோடு கெடக்கட்டும். வண்டிய எடு!"

பாலக்காட்டில் குழந்தைகளுக்கென்று தனியாக இருந்த ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கொல்லங்கோடு வழியாகக் கார் விரைந்தது. கௌசிகா மடியில் கிடந்த குழந்தையின் மூக்கருகே விரலை வைத்துவைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தாள்.

டாக்டர் ரஜீனா பாலக்காட்டுக்காரர். நகரத்தில் துணிக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர் என்று நர்ஸ் சொன்னாள். நாற்பதைத் தாண்டிய வயது, வேகமான பேச்சு. ஆனால் குழந்தையைப் பார்த்ததும் அந்த வேகம் நின்றுவிட்டது. முகத்துக்கு நேரே சாவிக்கொத்தை ஆட்டினார். காத்திருந்தார். மறுபடி ஆட்டினார். விரல் முட்டிகளைத் திருப்பிப் பார்த்தார்.

"முன்னாடி சிரிச்சிருக்காளா?"

மோகனசுந்தரம் கைப்பேசியை எடுத்துக் கொடுத்தான். அறைக்குள் குழந்தையின் சிரிப்பொலி எழுந்ததும் கௌசிகா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தக் குரலை அவள் மறந்தே போயிருந்தாள்.

டாக்டர் வீடியோவை இரண்டு தடவை பார்த்துவிட்டுக் கேட்டார்: "பாப்பாக்கு என்ன கொடுக்குறீங்க?"

"பாலு மட்டுந்தானுங்க. என்ற பாலு. கூழு குடுத்தா எறங்கறதில்லீங்க."

"நீங்க என்ன சாப்பிடுவீங்க?"

சரஸ்வதியம்மாள் முந்திக்கொண்டாள். "அவளுக்கு என்னங்க கொறை? பருப்பு, கீரை, நெய் விட்டுச் சோறு. பத்தியமெல்லாம் பாத்துப் பாத்துத்தான் குடுத்தனுங்க."

"அவங்களே சொல்லட்டும் உம்மா" என்று தணிவாகச் சொல்லிவிட்டு டாக்டர் கௌசிகாவைப் பார்த்தார். "பால், தயிர்?"

"ஆகாதுங்க. சின்னதுல இருந்தே அந்த வாசம் பட்டா கொமட்டும். பாலு ஊத்தாத கட்டஞ்சாயாதான் குடிப்பனுங்க."

"முட்டை, மீன்?"

கௌசிகா மாமியாரை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "சித்தூர்ல எங்கம்மா ஊட்டுல திம்பனுங்க. கல்யாணம் ஆகி நாலு வருசமா இல்லீங்க. இங்க சேக்கறதில்லீங்க."

அந்த வீட்டில் முன்பு கறி உண்டு. மோகனசுந்தரத்துக்கு ஐந்து வயதில் வந்த விஷக் காய்ச்சலில் எல்லோரும் கைவிட்டபோது சரஸ்வதியம்மாள் பழனி முருகனுக்கு வேண்டிக்கொண்டாள். மகன் பிழைத்தான். அன்றிலிருந்து அந்த அடுப்பில் முட்டைகூட ஏறியதில்லை.

"மாத்திரை ஏதாவது போடுறதுண்டா?"

"கேஸ் மாத்திரைங்க. காலேஜ் படிக்கறப்ப நெஞ்சு எரிச்சல் வந்துச்சு. அப்ப இருந்து தெனமும் காலைல ஒண்ணு போட்டுக்குவனுங்க."

"யாரு எழுதித் தந்தது?"

"ஆரும் இல்லீங்க. மெடிக்கல்ல கேட்டா குடுப்பாங்க."

டாக்டர் குழந்தையைச் சரஸ்வதியம்மாளின் கையில் கொடுத்துவிட்டு எழுந்து வந்தார். "நாக்கை நீட்டுங்க."

"எனக்குங்களா?"

"உங்களுக்குத்தான்."

கௌசிகா நீட்டினாள். அது வழவழவென்று, தோல் உரித்த மாமிசம்போலச் சிவந்திருந்தது. "ரெண்டு காலையும் சேர்த்து வைங்க. கண்ணை மூடுங்க" என்றார் டாக்டர். கண்ணை மூடியதுதான் தெரியும். அறை ஒருபக்கமாகச் சாய்ந்தது. மோகனசுந்தரம் பாய்ந்து பிடிக்காவிட்டால் மேஜை மேல் விழுந்திருப்பாள்.

"எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டது டாக்டர் அல்ல, அவன்தான். அவன் குரல் உடைந்திருந்தது. எத்தனை நாள் என்பது அவளுக்கே தெரியாது.

இருவருக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார் டாக்டர். "கொளந்தைக்கு நோவுன்னா இவளுக்கு எதுக்குங்க ரத்தம்?" என்று சரஸ்வதியம்மாள் கேட்டாள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே நோவா இருக்கலாம்னு எனக்கு ஒரு சந்தேகம். ஆனா ரத்தத்துல வேற பெரிய வியாதி ஏதும் இல்லேன்னு முதல்ல உறுதி பண்ணணும். அதுவரைக்கும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

வேற பெரிய வியாதி. அந்த வார்த்தையைக் கௌசிகா அறைக்கு வெளியே எடுத்து வந்தாள். நீண்ட பெஞ்சில் உட்கார்ந்து கைப்பேசியில் குழந்தை, வெளிறல், முடி உதிர்தல் என்று தட்டினாள். வந்த முதல் சொல் ரத்தப் புற்று. கைப்பேசியை அணைத்துவிட்டாள். மறுபடி போட்டாள். படிக்கப் படிக்க எல்லாம் பொருந்தியது.

குழந்தையின் கையில் நரம்பு தேடிய நர்ஸின் பெயர் ரோசி. கம்பம்மெட்டுப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை செய்யும் குடும்பத்துப் பெண். ஊசியை ஏற்றும்போது, "அழு தங்கம், நல்லா அழு" என்றாள். குழந்தை முகத்தைச் சுளித்தாள். ஒரு முனகல் வந்தது. அவ்வளவுதான். ரோசி ஊசியை எடுத்துப் பஞ்சை அழுத்தினாள். அவள் பார்வை குழந்தையின் முகத்திலேயே நின்றது. கௌசிகா அதைக் கவனித்துவிட்டாள்.

"அழாததும் நோவுதானுங்களா?"

"டாக்டர் சொல்லுவாங்கக்கா. நீங்க முதல்ல ஏதாச்சும் வயித்துக்குப் போடுங்க."

சாயங்காலம் முதல் அறிக்கை வந்தது. டாக்டர் ரஜீனா நின்றபடியே சொன்னார்: "புற்று இல்லை. அதை மனசுல இருந்து எடுத்துப் போடுங்க." மோகனசுந்தரம் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். மறுநாள் மீதி அறிக்கையும் வந்தது. வைட்டமின் பி12 என்ற ஒன்று குழந்தையின் ரத்தத்தில் மிகக் குறைவாக இருந்தது. கௌசிகாவின் ரத்தத்தில் அதைவிடக் குறைவு.

"ரத்தம் ஊறவும் நரம்பும் மூளையும் வளரவும் இது வேணும். காய்கறியில இருக்காது. பால், முட்டை, மீன், இறைச்சி இதுலதான் இருக்கும். நீங்க கல்யாணத்துக்கு முன்னாடி சாப்பிட்டது உடம்புல சேர்ந்து நாலு வருஷம் தாங்கியிருக்கு. பாலும் குடிக்கல. கொஞ்சநஞ்சம் உள்ள போனதையும் உடம்புல சேரவிடாம அந்த கேஸ் மாத்திரை தடுத்திருக்கு. பாப்பா வயித்துல இருக்கும்போதே உங்ககிட்ட கொடுக்க ஒண்ணும் இல்லை."

"அப்ப என்ற பாலுதானுங்களா?" கௌசிகா கேட்டாள். "நான் குடுத்த பாலுதானுங்களா அவளை இப்படிப் பண்ணுச்சு?"

"பால் ஒண்ணும் பண்ணலை. உங்ககிட்ட இல்லாதது பால்ல எப்படி வரும்? ரெண்டு பேருக்கும் ஊசி போடலாம். நீங்க தேறத் தேற பாலும் தேறும். நிறுத்த வேண்டாம்."

மூளை ஸ்கேனில் மூளை சற்றே சுருங்கியிருப்பதாகத் தெரிந்தது. அது திரும்ப வருமா என்று மோகனசுந்தரம் கேட்டான். பெரும்பாலும் வரும் என்றார் டாக்டர். பெரும்பாலும் என்ற சொல்லை இருவரும் பிடித்துக்கொண்டார்கள். அவனுக்கு அது ஆறுதலாக இருந்தது, அவளுக்குப் பயமாக இருந்தது.

போவதற்கு முன் டாக்டர் கட்டிலருகே இன்னொன்றும் சொன்னார். "ஊசி போட ஆரம்பிச்ச பிறகு சில குழந்தைகளுக்குக் கை, உதடு நடுங்கும். வலிப்பு மாதிரி தெரியும். ஆனா வலிப்பு இல்லை. தூங்கும்போது நின்னுடும். கொஞ்ச நாள்ல தானா போயிடும். வந்தா பயப்படாதீங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள்.

சரஸ்வதியம்மாள் அந்த நாட்களில் அதிகம் பேசவில்லை. டாக்டர் சொன்ன நாலு வருஷக் கணக்கு அவள் மனதில் தைத்திருந்தது. தன் வீட்டுச் சோற்றைத்தான் குறை சொல்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுவந்து வைப்பாள், பேத்தியின் காலைத் தடவுவாள், ஜன்னலோரம் போய் நின்றுகொள்வாள்.

ஊசி போட்ட இரண்டாம் நாள் குழந்தை கொஞ்சம் விழித்துக் கிடந்தாள். மின்விசிறி சுற்றுவதைப் பார்த்தாள். கௌசிகாவுக்கு மூச்சு லேசானது. அதற்கடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் துணி மாற்றும்போது குழந்தையின் வலது கை துடித்தது. குளிர் என்று நினைத்துப் போர்த்தினாள். போர்வைக்குள்ளும் துடித்தது. பிறகு இடது கை. பிறகு கீழுதடு. பிறகு நாக்கு வாய்க்குள் பாம்புக்குட்டிபோலத் துள்ளத் தொடங்கியது.

"ஏனுங்க! இங்க வாங்க!"

மோகனசுந்தரம் ஓடிவந்து பார்த்தான். டாக்டர் ரஜீனா அன்று இல்லை. டியூட்டியிலிருந்த இளம் டாக்டர் வந்து பார்த்து, "இது எதிர்பார்த்ததுதான், பெரிய டாக்டருக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிட்டேன், மருந்து ஒண்ணு எழுதியிருக்கேன்" என்றார். அவர் குரலில் டாக்டர் ரஜீனாவின் உறுதி இல்லை. சரஸ்வதியம்மாள் அதுவரை அடக்கிவைத்திருந்ததெல்லாம் அப்போது வெளியே வந்தது.

"வர்றப்ப கை ஆடுச்சா? தல நிக்கல, அதுதான? ஊசி போட்டுப் போட்டு இப்ப கொளந்தை கெடந்து துடிக்குது. மோகனு, இங்க இருந்தது போதும். கோயமுத்தூருக்குக் கொண்டு போலாம். காரை வரச்சொல்லு."

"டாக்டர் முன்னயே சொன்னாங்களேம்மா..."

"சொன்னாங்க! நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னாலும் முன்னயே சொன்னமேன்னு சொல்லுவாங்க." அவள் கௌசிகாவிடம் திரும்பினாள். "நீ அந்தப் பாலைக் குடுக்காத அம்மிணி. அதுல ஒண்ணும் இல்லைன்னு அவங்களே சொல்லிட்டாங்க. டின்னுப் பாலு வாங்கியாறச் சொல்றேன்."

கௌசிகா குழந்தையை மார்போடு சேர்த்துப் பிடித்தாள். நடுக்கம் அவள் உடம்புக்குள் நேராக இறங்கியது. ஊசிதான் காரணமோ? அல்லது தானோ? கோயமுத்தூர் போனால் நல்லதோ? வழியில் ஏதாவது ஆனால்? மோகனசுந்தரம் டிரைவரைக் கைப்பேசியில் கூப்பிட்டுவிட்டான். அவன் அவளைப் பார்த்து, "துணியெல்லாம் எடுத்து வெய் கௌசி" என்றான். அது உத்தரவாக இல்லை, கெஞ்சலாக இருந்தது.

அவள் எழவில்லை.

"தூங்கட்டுங்க" என்றாள்.

"என்ன?"

"பாப்பா தூங்கட்டும். தூங்கறப்ப நின்னுரும்னு டாக்டர் சொன்னாங்க. நின்னுச்சுன்னா அவங்க சொன்னது அத்தனையும் நெசம், நாம இங்கயே இருக்கறோம். நிக்கலைன்னா நானே தூக்கிட்டு வர்றனுங்க. கோயமுத்தூரு இல்ல, எங்க வேணும்னாலும் வர்றேன்."

சரஸ்வதியம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கௌசிகா அவள் முகத்தைப் பார்த்து, "அத்தைங்க, ஒரு தூக்கம். அவ்வளவுதானுங்க" என்றாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து மாமியாரின் பேச்சை அவள் இடைமறித்தது அதுவே முதல்முறை.

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து பால் கொடுத்தாள். நடுங்கும் உதடு பிடிப்பதும் நழுவுவதுமாக இருந்தது. வெளியே ஏதோ வண்டியின் ஹாரன் விடாமல் அடித்தது. குழந்தையின் கண் செருகும், திறக்கும், மறுபடி செருகும். மோகனசுந்தரம் கட்டிலின் கால்மாட்டில் நின்றான். டிரைவர் கீழே வந்துவிட்டதாகக் கைப்பேசி அடித்தது. அவன் எடுக்கவில்லை.

கண் மூடியது. கீழுதடு இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. கௌசிகா எச்சில் விழுங்கவும் பயந்தாள். வாய் மார்பிலிருந்து நழுவியது. உதடு துடித்தது, துடித்தது, நின்றது. இடது கை ஒருமுறை உதறி அடங்கியது. வலது கை நிற்கவில்லை. கட்டைவிரல் மட்டும் யாரோ நூல் கட்டி இழுப்பதுபோல ஆடிக்கொண்டே இருந்தது. மூன்று பேரும் அந்தக் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது ஆடியது. சற்று மெதுவாக ஆடியது. பிறகு உள்ளங்கைக்குள் மடங்கிப் படுத்துக்கொண்டது.

கௌசிகா நிமிர்ந்து பார்த்தபோது சரஸ்வதியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். மோகனசுந்தரம் டிரைவரைத் திருப்பி அனுப்பக் கீழே இறங்கிப் போனான்.

விழித்ததும் நடுக்கம் திரும்ப வந்தது. அது மேலும் பல நாட்கள் இருந்தது. ஒவ்வொரு முறை வந்தபோதும் கௌசிகா பயந்தாள். தெரிந்துகொண்டதால் பயம் குறைந்துவிடவில்லை. ஆனால் குழந்தை மாறிக்கொண்டிருந்தாள். ரோசி ஊசியோடு வந்தால் உரக்க அழுதாள். ரோசி சந்தோஷப்பட்டு, "பாருங்கக்கா, என்னையக் கண்டாலே புள்ளைக்கு ஆகலை" என்றாள்.

அந்த வாரத்தின் கடைசியில் குழந்தை சிரித்தாள். கௌசிகாவைப் பார்த்து அல்ல. சரஸ்வதியம்மாள் தூக்குப் பாத்திரத்தின் மூடியைத் திறக்க முடியாமல் முகத்தைக் கோணிக்கொண்டு திருகியபோது, அதைப் பார்த்து. உதடு நடுங்கியபடியே வாய் ஒருபக்கமாக விரிந்தது. கிழவி மூடியை விட்டுவிட்டு, "சாமி! என்ற சாமி!" என்று கத்திவிட்டாள். கௌசிகாவும் சிரித்தாள், அழுதாள். அடிமனதில் ஒரு சின்னப் பொறாமையும் இருந்தது. இத்தனை நாள் கண்ணுக்குள் கண்ணை வைத்துக் காத்திருந்தவள் தான்தானே என்று நினைத்தாள். பிறகு அப்படி நினைத்ததற்கு வெட்கப்பட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது பறிப்பு முடிந்து தோப்பு ஓய்ந்திருந்தது. கௌசிகா கேஸ் மாத்திரையை விட்டாள். முதல் சில நாட்கள் நெஞ்செரிச்சல் பாடாய்ப் படுத்தியது, டாக்டர் சொன்ன வேறு மருந்தோடு மெல்ல அடங்கியது. அவளுக்கும் ஊசி தொடர்ந்தது. உள்ளங்கால் எரிச்சல் குறைந்தது, முழுதாகப் போகவில்லை. குழந்தை தயிர்சோறு தின்றாள். கூழும் இறங்கியது.

ஒருநாள் மத்தியானம் கொட்டகைப் பக்கமிருந்து புகை வந்தது. கௌசிகா போய்ப் பார்த்தாள். மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டி, பழைய அலுமினியச் சட்டியில் சரஸ்வதியம்மாள் முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தாள். வேலைக்காரப் பெண்ணிடம் சொல்லி வாங்கிவரச் செய்திருக்கிறாள்.

"அத்தைங்க, என்னங்க இது?"

"கொளந்தைக்கு மஞ்சக் கரு குடுக்கலாம்னு டாக்டர் சொன்னாங்கல்ல?" அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. குச்சியால் முட்டையைப் புரட்டினாள். "உனக்கும் ரெண்டு போட்டிருக்கறேன்."

"ஊசியே போதும்னுதானுங்க சொல்லியிருக்காங்க. உங்க வேண்டுதல்..."

"வேண்டுனது நானு. அதை நான் கடைசி வரைக்கும் பாத்துக்கறேன். நீ வேண்டுனியா? இந்தக் கொளந்தை வேண்டுச்சா?" குச்சியைக் கீழே வைத்துவிட்டு, வேறு குரலில் சொன்னாள்: "மோகனுக்கு முடியாம இருந்தப்ப நானும் இப்படித்தான் மூக்குல கையை வெச்சு வெச்சுப் பாத்துட்டு இருந்தேன்."

கௌசிகா அங்கேயே கல்லில் உட்கார்ந்து முட்டையை உரித்தாள். நாலு வருடத்துக்குப் பிறகு அந்த ருசி அவளுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. இருந்தாலும் தின்றாள்.

ஒன்றேகால் வயதில் மறுபரிசோதனைக்குப் போனார்கள். அதற்குள் யோகப்பிரியா பிடித்துக்கொண்டு நின்றாள். தனியாக நடக்கவில்லை. "ம்மா", "தா" என்ற இரண்டு சொற்கள் இருந்தன. முட்டிகளின் கறுப்பு மறைந்திருந்தது. டாக்டர் ரஜீனா மரக்கட்டைகளைக் கொடுத்தார். குழந்தை ஒன்றின்மேல் ஒன்று வைக்காமல் தூக்கி எறிந்தாள். ஒளித்துவைத்த பொம்மையைத் தேடி எடுத்தாள். டாக்டர் குறித்துக்கொண்டார்.

"எல்லாம் சரியாயிருச்சுங்களா?" என்று கௌசிகா கேட்டாள்.

"ரத்தம் சரியாயிடுச்சு. தலை நல்லா வளருது. நடை, பேச்சு ரெண்டும் கொஞ்சம் பின்னாடி இருக்கு. பெரும்பாலும் எட்டிப் பிடிச்சிடுவா."

"பெரும்பாலுமுங்களா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன் கௌசிகா. சில குழந்தைங்களுக்கு ஸ்கூலுக்குப் போகும்போது கவனிக்கறதுல, படிக்கறதுல சின்னச் சின்னக் குறை தெரியலாம். இவளுக்கு வராமலும் போகலாம். நீங்க காலம் கடக்கறதுக்குள்ள வந்துட்டீங்க. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தா இந்தக் கட்டையை எறிஞ்சிருக்க மாட்டா. அதை மட்டும் நான் உறுதியாச் சொல்வேன்."

"அது போதுமுங்க" என்றான் மோகனசுந்தரம். கௌசிகாவுக்குப் போதவில்லை. ஆனால் கேட்க வேறு கேள்வி இல்லை.

திரும்பும் வழியில் கொல்லங்கோட்டில் வண்டியை நிறுத்தி நேந்திரங்காய் வறுவல் வாங்கினார்கள். குழந்தை பொட்டலத்தைப் பார்த்துவிட்டாள். கையை நீட்டி, "தா" என்றாள். தொண்டையில் சிக்கும் என்று கௌசிகா அதைக் கால்மாட்டில் வைத்தாள். யோகப்பிரியா முதுகை வில்லாக வளைத்துக் கத்தத் தொடங்கினாள். முகம் செக்கச்செவேலென்று ஆனது. அம்மாவின் காதில் கிடந்த ஜிமிக்கியைப் பிடித்து இழுத்தாள். மோகனசுந்தரம் சிரித்துக்கொண்டே, "உன்ற பிடிவாதம் அப்படியே வந்திருக்குது" என்றான்.

கௌசிகா மகளைக் கத்த விட்டாள். அழுகையில் அந்தச் சின்ன உதடு நடுங்கியது. கோபத்தில் எந்தக் குழந்தைக்கும் அப்படித்தான் நடுங்கும். கோபத்தில்தானா என்று முதலமடை வந்து சேரும்வரை அவள் அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.